ஹாலோ பிளாக் மிச்சமா? ஓட்டை எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க!

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் வந்திருக்கேன். போனைத் திறந்தாலே மிஞ்சின ஹாலோ பிளாக்ல, அதாவது உள்ள ஓட்டை விட்ட சிமெண்ட் கல்லுல, அடுப்பு வைக்கிற ரீல்ஸா வருது. தயவுசெஞ்சு வேணாம். கல்லுல ஊறியிருக்கிற ஈரம் சூட்டுல ஆவியாகி, வெளிய வர வழியில்லாம சில்லு சில்லா தெறிக்கும். தெறிக்கலேன்னாலும் சிமெண்ட் பிடிப்பு விட்டு, ஒருநாள் உலையோட சரியும். அடுப்புக்குச் செங்கலும் களிமண்ணும்தான்.

சரி, காம்பவுண்டு கட்டி மிஞ்சினதை வேற எதுக்குப் போடலாம்? என் கணக்கு ஒண்ணுதான்: கனம் தாங்கணும்னா ஓட்டை மேல் கீழா, காத்து போகணும்னா பக்கவாட்டுல.

முதல்ல 200 லிட்டர் டிரம். ரொம்பினா 200 கிலோவுக்கு மேல. 8 இன்ச்ங்கறது கல்லோட அகலம்; நீளம் 16, உயரம் 8. அந்த 8 இன்ச் கல்லு நாலை, ஒண்ணோட முனை அடுத்ததோட பக்கத்துல முட்டற மாதிரி சுத்தி வைங்க. 24 இன்ச் சதுரம் வரும், டிரம் சரியா உட்காரும். 6 இன்ச் கல்லுல இதையே வெச்சா 22 இன்ச்தான், விளிம்பு வெளிய தொங்கும். ரெண்டாவது வரிசையை எதிர்ப்பக்கமா சுத்தி வைங்க, ஜாயிண்ட் மேல ஜாயிண்ட் வரக்கூடாது. மொத்தம் எட்டுக் கல்லு, 16 இன்ச் உயரம், குழாய்க்கடியில பக்கெட் நிக்கும். ஓட்டையைப் பக்கவாட்டுல திருப்பினா மெல்லிசான பக்கச்சுவர் மேல பாரம் விழுந்து விரிசல் விடும்.

அடுத்தது உரத்தொட்டி. ரெண்டு பக்கமும் ஓட்டை திறந்த 6 இன்ச் கல்லு, பக்கத்துக்கு மூணு, மூணு பக்கம், முன்னாடி திறப்பு. ஒரு வரிசை நேரா, அடுத்த வரிசை படுக்க வெச்சு ஓட்டை உள்ளேயும் வெளியேயும் பாக்கணும். அஞ்சு வரிசையில 8, 6, 8, 6, 8, கூட்டினா 36 இன்ச். 45 கல்லு, சிமெண்டே வேணாம். படுத்த வரிசை 2 இன்ச் துருத்தும், இருக்கட்டும். 3 அடிக்குக் குறைஞ்சா குப்பையில சூடு ஏறாது. எலித் தொல்லை இருந்தா ஓட்டைக்கு உள்பக்கம் சின்னக் கண்ணு வலை கட்டிடுங்க.

அட, டிரம்முக்குச் சொல்ல விட்டுட்டேன். கல்லு வைக்கிறதுக்கு முன்னாடி மண்ணைத் திம்ஸுக் கட்டை போட்டுக் குத்தி, 2 இன்ச் கிரஷர் டஸ்ட் (ஜல்லி உடைக்கிறப்ப வர்ற கல்தூள்) பரப்பி, ரசமட்டம் வெச்சுப் பாருங்க. வெறும் மண்ணுல வெச்சா முதல் மழைக்கே ஒரு மூலை இறங்கும்.

இப்ப செடித்தொட்டி. இதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. நம்மூரு ஹாலோ பிளாக் நிறைய ஒரு பக்கம் மூடியிருக்கும். சுவர் கட்டறப்ப அந்தப் பக்கத்தை மேல வெச்சாதான் கலவை உள்ள கொட்டாது, அதுக்காக அப்படி. ஆனா செடிக்கு அதைக் கீழ வெச்சா தண்ணி வடிய வழியே இல்ல. வேர் அழுகும், மண்ணு போடாம சும்மா வெச்சா கொசுப்பண்ணை. உளியை வெச்சு ஓங்கி அடிக்கிறாங்க பாருங்க, எனக்கு அதுதான் ஆகவே ஆகாது. கல்லு ரெண்டா பிளக்கும். 10 எம்எம் கான்கிரீட் பிட் வாங்கி டிரில் மெஷின்ல மாட்டுங்க. கல்லை மணல் மேல வைங்க, தரையில வேணாம். முதல்ல மெஷின்ல ஹாமர் மோடு போடாம லேசா பள்ளம் பிடிச்சுட்டு, அப்புறம் ஹாமர் மோடு. கல்லோட ஒவ்வொரு குழிக்கும், மூடின பக்கத்துல ரெண்டு ஓட்டை. அடியில ஓட்டாஞ்சில்லு, மேல மண்ணு.

புதுக் கல்லா? முதல்ல தண்ணியில ஊறப்போட்டு, ரெண்டு மூணு தடவை தண்ணி மாத்துங்க. இல்லேன்னா சுண்ணாம்பு இறங்கி மண்ணுல காரத்தன்மை ஏறிடும். புதினா, ஓமவல்லி, கற்றாழை நல்லா வரும். தக்காளிக்கு அந்தக் குழி பத்தாது.

வெள்ளையா லேசா வர்ற ஏஏசி கல்லை இந்த வேலை எதுக்கும் தொடாதீங்க. தண்ணி குடிச்சு உதிரும்.

இன்னொண்ணு, அடுக்கி வெச்ச கல்லை எடுக்கறப்ப ஓட்டைக்குள்ள விரல் விடாதீங்க. தேள் இருக்கும், பாம்பும் இருக்கும். கம்பியால தட்டிட்டு, வெளிப்பக்கம் பிடிச்சுத் தூக்குங்க.