டைட்டன் டெசர்ட் போக ஆசையா? முதலில் உப்பைக் கவனியுங்கள்

அடுத்த கேள்வி திருச்செந்தூர் பக்கமிருந்து வந்திருக்கிறது. "அண்ணா, மொராக்கோவில் நடக்கும் டைட்டன் டெசர்ட் சைக்கிள் பந்தயத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. ரோட்டில் ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டிவிடுவேன். இது போதுமா, வேறு என்ன பழக வேண்டும்?"

நல்ல கேள்வி தம்பி. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது 2006-இல் ஸ்பெயின்காரர்கள் தொடங்கிய மவுண்டன் பைக் பந்தயம். வழக்கமாக ஆறு கட்டம் (நாளுக்கு ஒன்று), மொத்தம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். கல் தரை, காய்ந்த ஆற்றுப்படுகை, மெர்சூகா என்ற ஊர்ப் பக்கத்து மணல்மேடுகள் எல்லாம் வரும். ஸ்பெயினின் பெரிய ரோடு பந்தயமான வுவெல்டாவை நான்கு முறை வென்ற ரொபர்ட்டோ எராஸ் இதிலும் ஜெயித்திருக்கிறார்.

உங்கள் காலில் தெம்பு இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்குக் கவலை எல்லாம் தண்ணீரும் உப்பும்தான். உங்கள் ஊர் கடற்கரைக் காற்றில் அரை மணி நேரம் ஓட்டினாலே சட்டை பிழியலாம் போல நனைந்துவிடும். பாலைவனத்தில் அப்படி இல்லை. காற்று அவ்வளவு வறட்சி என்பதால் வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும். சட்டை நனையாது, முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புத் தடம் மட்டும் இருக்கும். அதைப் பார்த்து "எனக்கு அதிகம் வியர்க்கவில்லை" என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கமும் ஆபத்து இருக்கிறது. பயந்துகொண்டு வெறும் தண்ணீரையே மடக் மடக்கென்று குடித்தால் உப்பில் இருக்கும் சோடியம் ரத்தத்தில் குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். தண்ணீர் பற்றாத போதும் இதே தலைவலி, இதே குமட்டல்தான் வரும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து ஆள் இன்னும் குடிப்பார், நிலைமை மோசமாகும்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மணி நேரம் வெயிலில் ஓட்டுங்கள். கிளம்பும் முன் ஒரு முறை, வந்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு ஒரு முறை எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருக்கிறது, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால் உங்களுக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்க்கிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் ஒரு கிராம் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். பாட்டிலில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு பண்ணுங்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம். உடம்பு வெயிலுக்குப் பழகவும் பத்துப் பதினான்கு நாள் ஆகும்.

அப்புறம் மணல். இதில் நீங்கள் கொடுத்துவைத்தவர், செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காடு பக்கத்திலேயே இருக்கிறது! வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்களை விட்டுவிட்டு, ஓரத்துச் செம்மண் பாதையில் பழகலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். உட்கார்ந்தபடியே எடையைப் பின்னால் தள்ளி, லேசான கியரில் நிற்காமல் மிதிக்க வேண்டும். முன்சக்கரம் ஆடும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துத் திருப்பினால் அங்கேயே புதைந்துவிடும், லேசாக விட்டுவிடுங்கள். மேடு செங்குத்தானால் இறங்கித் தள்ளுங்கள், முன்வரிசைக்காரர்களும் தள்ளுகிறார்கள். ஆகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் நடப்பதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயினுக்கு மெழுகு போடுங்கள். ஈரமான எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும். டியூப்லெஸ் டயரும், உள்ளே ஊற்றினால் சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவமும் கட்டாயம் வேண்டும். பந்தயத்தில் மாரத்தான் கட்டம் என்று ஒன்று உண்டு. அன்று ராத்திரி மெக்கானிக் உதவி கிடைக்காது, உங்கள் பெட்டியும் வராது. பஞ்சர், செயின் அறுந்தால் மாட்டுவது, பிரேக் பேட் மாற்றுவது மூன்றையும் டார்ச் வெளிச்சத்தில் நீங்களே செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த எடைக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, வந்த எண்ணைக் கீழே எழுதுங்கள் தம்பி. பாட்டிலில் என்ன கலக்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.