கன்று நட்ட மறுநாள்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

'இயற்கைக்கும் பண்பாட்டுக்கும் சமூக நலனுக்கும் உழைக்கும் இளம் தலைவர்களை உருவாக்குவது பயிற்சிப் பட்டறையா, ஊர் வேலையா?' என்பது இன்றைய தலைப்பு. ஊர் வேலைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய தங்கச்சி, மூன்று நாள் பயிற்சியில் மேடையில் பேசவும் திட்டம் எழுதவும் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். உண்மைதான். நானும் அப்படி ஒரு பயிற்சிக்குப் போனவள். கடைசி நாள் எங்களை வாவிக் கரைக்குக் கூட்டிப்போய், உவர்நீரில் வளரும் கண்டல் மரக் கன்று நட வைத்தார்கள். ஆளுக்கொரு தொப்பி, ஒரு சான்றிதழ், எல்லாரும் சேர்ந்து ஒரு படம். மாரி முடிந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். கன்றுக்கு ஊன்றிய கம்புகள் மட்டும் நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் வீச்சு வலையோடு நின்ற ஐயா சொன்னார்: "மகள், இதுல தண்ணி எத்தின நாள் நிக்கும் எண்டு எங்களுட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மண்ணால் அடைபட்டிருக்கும்போது எங்கள் வாவிக்கு ஒரு நீர்மட்டம், மாரியில் திறந்ததும் வேறொரு மட்டம். இளங்கன்று எத்தனை நாள் மூழ்கிக் கிடக்கும் என்பது அந்த ஐயாவுக்குத் தெரியும். எங்கள் பயிற்சிக் கையேட்டில் அது இருக்கவில்லை.

இது என் ஒருத்தியின் கதை இல்லை, நடுவர் அவர்களே. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். அப்படி நட்ட 23 இடங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. மொத்தப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது. நட்ட இடமே பிழை, நட்ட பிறகு பார்க்க ஆளும் இல்லை. நடும் நாளில் ஆள் குறைவாகவா இருந்திருக்கும்?

சரி, பண்பாட்டுக்கு வருவோம். எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பாருங்கள். களரி என்கிற ஆடுமேடையில் ஓர் இரவு ஆட, மாதக்கணக்கில் பழகுகிறார்கள். அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டம் கொடுத்து, ஆட்டம் பழக்கி, சதங்கை அணிந்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். பகல் முழுக்க வயலில் நின்ற பெடியன் இரவில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு முன்னால் வந்து நிற்கிறான். கால் பிழைத்தால் திரும்ப ஆட வேண்டும். உடுப்புக்குக் காசு சேர்ப்பதும், களரி போடுவதும், கோபித்துக்கொண்டு வராமல் விட்டவனை வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பண்ணிக் கூட்டி வருவதும் ஊர் ஆட்கள்தான். அந்தக் கடைசி வேலை இருக்கிறதே, அதை எந்தப் பட்டறையிலும் கற்றுத்தர முடியாது. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடிவந்த கூத்தில் இன்று பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அவர்களும் இரவிரவாக ஆட்டம் பழகித்தான் களரிக்கு வந்தார்கள்.

நூல் வேலையும் அப்படித்தான். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அதன் பின்னால் 14 ஆண்டு உழைப்பு இருக்கிறது.

எதிரணி சொன்னதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளைப் பட்டறைதான் ஒரே மேசையில் உட்கார வைக்கிறது என்றார்கள். யுத்தம் நடந்த மண்ணில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் மேசையில் பழகுவது ஒன்று, வாய்க்காலில் பழகுவது வேறொன்று. மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக் கரையோரமாய் வாருங்கள், தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். வயலில் தண்ணீர் பங்கிடவும் வேலி பார்க்கவும் விவசாயிகள் தாங்களே வட்டை விதானையைத் தெரிவு செய்கிறார்கள். கடைமடைக்காரன் யார், அவன் எந்தச் சமயம் என்று பார்த்து மடை திறக்கிறவரை அடுத்த போகத்தில் யாரும் தெரிவு செய்ய மாட்டார்கள். அந்த விதானையாரோடு ஒரு போகம் நடந்து திரிந்த இளைஞன், நீதி என்றால் என்னவென்று தண்ணீரில் கற்றிருப்பான்.

அப்புறம், அந்த வாவிக் கரைக்கு வருகிறேன். நாங்கள் வலைக்கார ஐயாவைத் தேடித் திரும்பப் போனோம். கண்ணா என்கிற கண்டல் மரத்தின் விதை தானாக வந்து ஒதுங்கும் இடத்தை அவர் காட்டினார். அங்கே நாங்கள் எதையும் நடவில்லை. மாடு புகாமல் வேலி மட்டும் அடைத்தோம். கிழமைக்கு ஒரு தரம் போய், சிக்கிய பொலித்தீனையும் வலைத்துண்டையும் எடுக்கிறோம். இப்போது முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள் நிற்கின்றன.

தொடக்கத்தில் வந்தவர்களில் பாதிப்பேர் இப்போது வருவதில்லை. தரம் பத்து படிக்கும் ஒரு பிள்ளை மட்டும் ஒரு கிழமையும் தவறவிட்டதில்லை. போன மாதம் காய்ச்சலால் நான் போக முடியாதபோது, ஆட்களைப் பிரித்து வேலையை முடித்தது அவள்தான். அவள் இதுவரை எந்தப் பட்டறைக்கும் போனதில்லை. தீர்ப்பு எழுதும்போது அவளை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.