தெருப் படத்தைக் கணினியில் சேமிப்பது எப்படி? தேதி, திசை, இடம் எதுவும் தொலையாமல்

[திரையில்: கூகுள் மேப்ஸ். மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றிய பகுதி. வலது கீழ் மூலையில் மஞ்சள் பொம்மை.]

வணக்கம். இந்த மஞ்சள் பொம்மையைப் பிடித்து இழுத்து ஒரு தெருவில் போட்டால், அந்தத் தெரு கண்முன் விரியும். இதற்குத்தான் ஸ்ட்ரீட் வியூ என்று பெயர். ஊரை விட்டு வந்தவர்கள் பலர் இதில் தங்கள் பழைய வீட்டைத் தேடிப் பார்த்திருப்பார்கள். டொராண்டோவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் தாத்தா வீட்டு மதிலைப் பார்ப்பவர்களும் உண்டு.

அங்கே பார்த்தது நாளைக்கும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. புதிய படம் வந்தால் பழையது பின்னுக்குப் போகும். வீட்டு உரிமையாளர் கேட்டுக்கொண்டால் கூகுள் அந்த வீட்டையே மங்கலாக்கிவிடும். அப்படி மங்கலாக்கியதைத் திரும்பத் தெளிவாக்க முடியாது. அதனால், உங்களுக்கு வேண்டிய ஒரு காட்சியைக் கணினியில் எப்படிச் சேமிப்பது, சேமிக்கும்போது கூடவே எதையெல்லாம் குறித்துவைப்பது என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

[திரையில்: ராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து கிழக்கே. குளம், அதற்கு அப்பால் கபாலீசுவரர் கோயில் கோபுரம்.]

முதலில் படத்தின் அடியில் ஓடும் சின்ன எழுத்தைப் பாருங்கள். இரண்டு தகவல்கள் இருக்கும். ஒன்று, படம் எடுத்த மாதமும் ஆண்டும். இன்னொன்று, பதிப்புரிமை ஆண்டு. பதிப்புரிமை ஆண்டு நடப்பு ஆண்டாகவே இருக்கும். அதைப் படம் எடுத்த ஆண்டு என்று நினைத்துக்கொண்டு, நான்கு வருடத்துக்கு முந்தைய தெருவை "இந்த வருடத் தெரு" என்று பகிர்பவர்களை நிறையப் பார்க்கிறேன். நமக்கு வேண்டியது முதல் தகவல்.

சென்னையில் இந்தத் தேதிகள் ரொம்பப் பின்னால் போகாது. அமெரிக்காவில் ஸ்ட்ரீட் வியூ 2007 மே மாதமே தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2011-ல் பெங்களூரில் படம் எடுக்கும் கூகுள் கார்கள் ஓடத் தொடங்கியதும் காவல்துறை நிறுத்தச் சொன்னது. 2016-ல் மத்திய அரசும் அனுமதி மறுத்தது. கடைசியில் 2022 ஜூலையில்தான், ஜெனிசிஸ் இன்டர்நேஷனல், டெக் மகிந்திரா என்ற இரண்டு இந்திய நிறுவனங்கள் எடுத்த படங்களோடு, சென்னை உட்பட 10 நகரங்களில் வந்தது. இலங்கையில் அதற்கு முன்பே, 2016-ல் வந்துவிட்டது. ஆகவே சென்னைத் தெருவின் பழைய முகத்தைத் தேடுபவர்களுக்கு ஸ்ட்ரீட் வியூ பெரிதாக உதவாது. இப்போது இருப்பதை விட்டுவிடாமல் பிடித்துவைப்பதற்கு உதவும்.

ஒரே இடத்துக்குப் பல தேதிகளில் படம் இருந்தால், இடது மேல் மூலையில் இருக்கும் பெட்டியில் "மேலும் தேதிகள்" என்ற பொருளில் ஒரு இணைப்பு தெரியும். 2014-ல் வந்த வசதி இது. கணினியில் வசதியாகப் பார்க்கலாம்.

[திரையில்: பிரவுசரின் முகவரிப் பட்டை மட்டும் பெரிதாக.]

இப்போது இந்த முகவரிப் பட்டையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்த வீடியோவில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

"அட்" (@) குறிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு எண்கள் அட்சரேகை, தீர்க்கரேகை. இங்கே 13.03, 80.26 என்று தொடங்குகின்றன. அடுத்து "3ஏ" (3a) என்றால் இது தெருக் காட்சி. அதற்கடுத்து "75ஒய்" (75y) என்பது பார்வையின் அகலம், டிகிரியில். இந்த எண் குறையக் குறையக் காட்சி கிட்டத்தில் வரும். பிறகு "90ஹெச்" (90h). இதுதான் திசை. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. நாம் கிழக்கே குளத்தைப் பார்ப்பதால் 90. கடைசியாக "95டி" (95t) என்பது தலையை எவ்வளவு நிமிர்த்திப் பார்க்கிறோம் என்பது. 90 இருந்தால் நேர்ப் பார்வை. கோபுர உச்சி தெரிய வேண்டுமே என்று இங்கே 95 வைத்திருக்கிறேன்.

இந்த எண்களை முகவரிப் பட்டையிலேயே மாற்றி என்டர் தட்டலாம். மவுஸால் இழுத்து இழுத்துச் சரிசெய்யத் தேவையில்லை. இதனால் பெரிய லாபம் ஒன்று உண்டு. வேறொரு தேதியில் எடுத்த படத்துக்கும் அதே 75, அதே 90, அதே 95 கொடுத்தால், இரண்டு படங்களும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கடை போனது, எந்த மரம் போனது என்று பளிச்சென்று தெரியும். மெட்ரோ வேலை நடக்கும் தெருக்களில் இதைச் செய்து பாருங்கள்.

[திரையில்: எஃப்11 அழுத்தி முழுத்திரை.]

சரி, சேமிக்கலாம். எஃப்11 தட்டி முழுத்திரை ஆக்குங்கள். உடனே படம் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று வினாடி பொறுங்கள். காரணம் இருக்கிறது. இந்தத் தெருப் படம் 360 டிகிரிக் காட்சியைத் தட்டையாக விரித்த ஒரே பெரிய படம். பல இடங்களில் அதன் முழு அளவு 13,312-க்கு 6,656 பிக்சல். அதை 512 பிக்சல் சதுரங்களாக வெட்டி, முதலில் மங்கலானதை, பிறகு தெளிவானதை அனுப்புகிறார்கள். அவசரப்பட்டால் மங்கலான சதுரங்களோடு படம் பதிவாகும். பலர் "ஸ்கிரீன்ஷாட் எடுத்தா தெளிவே இல்ல" என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

விண்டோஸில் விண்டோஸ் கீயும் பிரின்ட் ஸ்கிரீனும் சேர்த்துத் தட்டினால், பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் தானாகச் சேமிக்கும். ஒரு பகுதி மட்டும் போதுமென்றால் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 4. படம் பிஎன்ஜி வடிவில் இருக்கட்டும். ஜேபெக் ஆக்கினால் கடைப் பலகையின் சின்ன எழுத்துகள் சிதையும்.

படத்தின் அடியில் இருக்கும் கூகுள் பெயரையும் தேதியையும் வெட்டி எடுத்துவிடாதீர்கள். அவைதான் படத்துக்குச் சாட்சி.

[திரையில்: ஒரு ஃபோல்டர். கோப்புப் பெயர்கள் வரிசையாக.]

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டையும் மாதத்தையும் முதலில் போடுங்கள். "2022-03 மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடம் சாலை கிழக்கு 90", இந்த மாதிரி. எத்தனை படம் சேர்ந்தாலும் காலவரிசையில் தானே அடுக்கிக்கொள்ளும். அதே ஃபோல்டரில் ஒரு நோட்பேட் கோப்பு திறந்து, முழு முகவரியையும் ஒட்டிவையுங்கள். பின்னாளில் அந்தப் படம் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டாலும், அட்சரேகை தீர்க்கரேகை உங்களிடம் இருப்பதால் அதே இடத்துக்குத் திரும்பப் போய்விடலாம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். முழு 360 டிகிரிப் படத்தையும் அப்படியே உருவி எடுக்கும் மென்பொருள்கள் உண்டு. அவற்றை இங்கே காட்டப்போவதில்லை. ஸ்ட்ரீட் வியூ படங்களை இறக்கிவைத்துக் கூகுளுக்கு வெளியே தனியாகப் பயன்படுத்துவதையும், பல படங்களை ஒட்டிப் பெரிய படமாக்குவதையும் கூகுளின் விதிகள் அனுமதிப்பதில்லை. உங்கள் குறிப்புக்கு என்று ஒன்றிரண்டு காட்சியை வைத்துக்கொள்வதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. வலைத்தளத்தில் காட்ட வேண்டுமா? பகிர் பொத்தானில் வரும் இணைப்பையோ, பதிக்கும் நிரலையோ பயன்படுத்துங்கள்.

[திரையில்: மேப்பிலரி வரைபடம். தெருக்கள் மேல் பச்சைக் கோடுகள்.]

அப்படியானால் தாராளமாகச் சேமித்து, அச்சிட்டு, மற்றவர்களுக்கும் கொடுக்கக்கூடிய தெருப் படம் எங்கே கிடைக்கும்? மேப்பிலரியில். 2013-ல் சுவீடனில் தொடங்கியது, 2020-ல் ஃபேஸ்புக் வாங்கியது. மக்கள் தாங்களே எடுத்து ஏற்றும் படங்கள் இவை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர்ந்தால் போதும். மக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற வரைபடத்தில் தெருப்பெயர், கடைப்பெயர் சேர்ப்பவர்கள் இதைத்தான் பார்த்துச் சேர்க்கிறார்கள்.

பச்சைக் கோடு இல்லாத தெருவில் யாரும் இன்னும் படம் எடுக்கவில்லை. நம் ஊர்ச் சந்துகள் பல அப்படித்தான் இருக்கின்றன. உங்கள் தெருவும் அப்படி இருந்தால், நீங்களே எடுங்கள். கூகுள் கார் நுழைய முடியாத சந்துக்குள் நீங்கள் நடந்து போகலாம், அதுவும் உங்களுக்குப் பிடித்த நாளில். போனில் லொகேஷனை ஆன் செய்து, போனைப் படுக்கைவாக்கில் பிடித்து, சில அடிக்கு ஒரு படம் என்று நடந்துகொண்டே எடுத்துப் போங்கள். வெயில் முகத்தில் அடிக்காத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முகங்களையும் வண்டி எண்களையும் மேப்பிலரி மங்கலாக்கிவிடும்.

போனிலிருந்து கணினிக்கு மாற்றும்போது யுஎஸ்பி கேபிளில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், படத்துக்குள் பதிந்திருக்கும் இடக் குறிப்பும் அழிந்துபோகும். வாட்ஸ்அப் தவிர வேறு வழியே இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். கணினிக்கு வந்ததும் ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டிஸ், டீடெயில்ஸ் போய், ஜிபிஎஸ் என்ற தலைப்பின் கீழ் எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் போனில் உள்ளதை நம்பி அழிக்கலாம். இல்லையென்றால் அழிக்காமல், லொகேஷன் அனுமதியைச் சரிபார்த்துவிட்டு இன்னொரு முறை நடந்துவிட்டு வாருங்கள்.