இரவு வந்த யானைக்கு ஆங்கிலத்தில் ‘ஹாஸ்’ போடலாமா?

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் விடிகாலையில் தோட்டத்துக்குப் போகும் ஒருவர், முறிந்து கிடக்கும் வாழைகளையும் ஈரமண்ணில் பதிந்திருக்கும் பெரிய கால்தடங்களையும் பார்த்துவிட்டு, “இரவு யானை வந்திருக்கிறது” என்று சொல்கிறார். இந்த மூன்று சொற்களையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ரியூசனில் முதல் வாங்கில் இருக்கும் பிள்ளைகூட, “அன் எலிபன்ற் ஹாஸ் கம் லாஸ்ற் நைற்” என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் பேனையை மூடிவிடும். அந்த வாக்கியம் பிழையானது. அது ஏன் பிழை என்பது பிடிபட்டுவிட்டால், ஆங்கிலத்தில் இறந்தகால வினையோடு வினையடை எப்படிச் சேர்கிறது என்பதில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும் என்பது என் கருத்து. ஆகவே வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்க்காதீர்கள்.

[திரையில்: எப்படி? எங்கே? எப்போது? எத்தனை தடவை?]

வரைவிலக்கணத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். வினை எப்படி, எங்கே, எப்போது, எத்தனை தடவை நிகழ்ந்தது என்று சொல்லும் சொல் அல்லது சொற்றொடர் வினையடை ஆகும். மிகுதி உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இனி யானைக்கு வருவோம். ‘ஹாஸ் கம்’ என்பதில் வரும் ‘ஹாஸ்’ நிகழ்கால வினை. நடந்து முடிந்த ஒன்றை இப்போதைய நேரத்தோடு இணைப்பதே அதன் வேலை. ‘லாஸ்ற் நைற்’ என்பதோ விடிந்ததோடு முடிந்துபோன நேரம். முடிந்துபோன நேரத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும் வினையடை வாக்கியத்துக்குள் வந்தால், ஆங்கிலம் ‘ஹாஸ்’, ‘ஹாவ்’ இரண்டையும் வெளியே அனுப்பிவிட்டு, “அன் எலிபன்ற் கேம் லாஸ்ற் நைற்” என்று தனி இறந்தகாலத்தையே கேட்கிறது. யெஸ்ரடே, லாஸ்ற் வீக், ரூ டேய்ஸ் அகோ, இன் 2013 ஆகிய அனைத்துக்கும் இதே விதிதான்.

அப்படியானால் தமிழில் மட்டும் ‘இருக்கிறது’ என்ற நிகழ்காலம் எப்படி ‘இரவு’ என்பதோடு சண்டை பிடிக்காமல் நிற்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஆகவே இதில் சற்று நேரம் எடுக்கப்போகிறேன். அந்தத் தோட்டக்காரர் யானையைக் கண்ணால் கண்டிருந்தால், “இரவு யானை வந்தது” என்றுதான் சொல்லியிருப்பார். காணாதபடியால், கால்தடத்தையும் முறிந்த வாழையையும் வைத்து ஊகித்தபடியால், “வந்திருக்கிறது” என்கிறார். இங்கே ‘இருக்கிறது’ என்பது யானை வந்த நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. சான்று இப்போது கண்முன்னே கிடக்கிறது என்பதைப் பேசுகிறது. அதனால்தான் “நேற்று யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்”, “போன கிழமை அவர் வவுனியாவுக்குப் போயிருக்கிறார்” என்றெல்லாம் நாம் தடையின்றிச் சொல்கிறோம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழையும்போது, ‘வந்திருக்கிறது’ என்பதற்கு ‘ஹாஸ் கம்’ என்று கை தானாகவே எழுதிவிடுகிறது. பிள்ளை கவனமில்லாமல் எழுதிவிட்டது என்று திட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை தன் தாய்மொழியில் மிகக் கவனமாகத்தான் சிந்தித்திருக்கிறது.

சரி, யானையை நாம் காணவில்லை, ஊகிக்கிறோம் என்பதையும் ஆங்கிலத்தில் சொல்லவேண்டுமே. அதற்கு “அன் எலிபன்ற் மஸ்ற் ஹாவ் கம் லாஸ்ற் நைற்” என்று எழுதவேண்டும். இப்போது நீங்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம்; ‘லாஸ்ற் நைற்’ இருக்கும் இடத்தில் ‘ஹாவ்’ வரக்கூடாது என்று நான்தானே சொன்னேன்? ‘மஸ்ற்’ என்பதற்குப் பின்னால் வரும் வினை ‘கேம்’ என்ற இறந்தகால வடிவத்தை எடுக்கமுடியாது, ‘மஸ்ற் கேம்’ என்று ஒன்று ஆங்கிலத்தில் கிடையாது. ஆகவே அந்த இடத்தில் இறந்தகாலத்தைச் சுமக்கும் பொறுப்பு ‘ஹாவ்’ மேல் விழுகிறது. வடிவம் ஒன்றாக இருந்தாலும் இந்த ‘ஹாவ்’ பார்ப்பது வேறு வேலை. ஆங்கில இலக்கணத்தை எழுதியவர்கள் நம்மைக் குழப்பவென்றே உட்கார்ந்து யோசித்திருப்பார்களோ என்று சில நேரம் தோன்றுவதுண்டு.

[திரையில்: கிளிநொச்சி ரயில் நிலையம்]

இன்னொன்றையும் பாருங்கள். யுத்தத்தால் 1990இல் நின்றுபோன ரயில், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் வந்தது. ‘இன் 2013’ என்று எழுதினால், “த ரெயின் கேம் பக் இன் 2013”. ‘சின்ஸ் 2013’ என்று எழுதினால், அந்த ஆண்டிலிருந்து இன்றுவரை என்று பொருள் மாறுகிறது. ஆகவே “ரெயின்ஸ் ஹாவ் கம் ஹியர் சின்ஸ் 2013” என்று ‘ஹாவ்’ திரும்பி வந்துவிடுகிறது. ஆண்டு அதே ஆண்டுதான், முன்னால் நிற்கும் ஒரு சிறுசொல் வினையின் வடிவத்தையே மாற்றுகிறது. ‘திஸ் மோனிங்’ இன்னும் வேடிக்கையானது. காலை பத்து மணிக்கு “ஐ ஹாவ் சீன் ஹிம் திஸ் மோனிங்” என்று சொல்லலாம், ஏனெனில் காலை இன்னும் முடியவில்லை. அதே ஆளைப் பற்றிப் பின்னேரம் மூன்று மணிக்குச் சொன்னால் “ஐ சோ ஹிம் திஸ் மோனிங்” என்றுதான் சொல்லவேண்டும்.

‘ஜஸ்ற்’, ‘ஓல்ரெடி’ இரண்டிலும் பிரித்தானியரும் அமெரிக்கரும் பிரிந்து நிற்கிறார்கள். பிரித்தானியர் பெரும்பாலும் “ஐ ஹாவ் ஜஸ்ற் ஈற்றன்” என்பார்கள். அமெரிக்கர் “ஐ ஜஸ்ற் ஏற்” என்றும் தாராளமாகச் சொல்வார்கள். நம் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய மரபைத் தழுவியது என்பதால், சாதாரண தரப் பரீட்சைத் தாளில் ‘ஹாவ்’ சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு. ‘இரண்டு வருடத்துக்கு முன்’ என்பதை ‘பிஃபோர் ரூ இயேர்ஸ்’ என்று எழுதாமல் ‘ரூ இயேர்ஸ் அகோ’ என்று எழுதுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, வாக்கியத்தில் வினையடை நிற்கும் இடம். மாரி மழையில் இரணைமடுக்குளம் நிரம்பும்போது வான்கதவுகளை மெதுவாகத் திறக்கிறார்கள். தமிழில் ‘மெதுவாக’ என்பதைத் திறந்தார்கள் என்ற வினைக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம். ஆங்கிலத்திலும் வினைக்குப் பக்கத்தில் வைப்போம் என்று நினைத்து “தே ஓபின்ட் ஸ்லோலி த கேற்ஸ்” என்று எழுதினால் அது பிழையாகிவிடும், ஏனெனில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடை புகுவதை ஆங்கிலம் பொறுப்பதில்லை. “தே ஸ்லோலி ஓபின்ட் த கேற்ஸ்” என்று முன்னால் வைக்கலாம், “தே ஓபின்ட் த கேற்ஸ் ஸ்லோலி” என்று இறுதியிலும் வைக்கலாம். செயப்படுபொருள் ஒரு வரி நீளத்துக்கு நீண்டுவிட்டால் மட்டும் ஆங்கிலம் கொஞ்சம் இளகிக்கொடுக்கும்.

பல வினையடைகள் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? “அவள் நேற்றிரவு வற்றாப்பளையில் இனிமையாகப் பாடினாள்” என்ற வாக்கியத்தைக் கண்ணாடியில் பிடியுங்கள். “சீ சாங் ஸ்வீற்லி அட் வற்றாப்பளை லாஸ்ற் நைற்.” பாடினாள், இனிமையாக, வற்றாப்பளையில், நேற்றிரவு என்று நம் வரிசை அப்படியே தலைகீழாக வருகிறது, எழுவாய் மட்டும் அசையாமல் முதலிலேயே நிற்கிறது. ‘வென்ற்’, ‘கேம்’ போன்ற போக்குவரத்து வினைகளுக்கு மட்டும் ‘எங்கே’ என்று சொல்லும் வினையடை முந்திக்கொள்ளும்: “ஹீ வென்ற் ஹோம் குயிக்லி”.

இடம் மாறினால் பொருள் மாறும் வினையடைகளும் உண்டு. “ஹீ பூலிஷ்லி ஆன்சேட் த குவெஸ்சன்” என்றால், அவன் பதில் சொன்னதே முட்டாள்தனம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று பொருள். “ஹீ ஆன்சேட் த குவெஸ்சன் பூலிஷ்லி” என்றால், அவன் சொன்ன பதில் முட்டாள்தனமானது என்று பொருள். பட்டிமன்றத்தில் இரண்டையும் ஒருவரே செய்துகாட்டுவதும் உண்டு.

கடைசியாக, வேலைக்கு விண்ணப்பம் எழுதுபவர்கள் தயவுசெய்து கேளுங்கள். “ஐ வேர்க்ட் ஹார்ட்” என்றால் கடுமையாக உழைத்தேன். ‘லி’ சேர்த்தால் இன்னும் மரியாதையாக இருக்குமென்று எண்ணி “ஐ ஹார்ட்லி வேர்க்ட்” என்று எழுதினால், நான் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை என்று நீங்களே கையொப்பமிட்டுக் கொடுத்ததாகிவிடும். “ஹீ கேம் லேற்” என்றால் பிந்தி வந்தான். ‘லேற்லி’ என்பதோ அண்மைக்காலமாக என்று பொருள்படும்.

[திரையில்: ஐ ஹாவ் போட் யெஸ்ரடே அட் முறிகண்டி கச்சான்.]

இந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. திருத்தி, கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் ‘யெற்’, ‘ஸ்ரில்’ இரண்டையும் எடுத்துக்கொள்வோம்.