விளையாட்டின் நடுவே அறுபடும் இணையம்

நேயர்களுக்கு வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் மாலையில் இணைய விளையாட்டில் அமரும் இளைஞர்கள் பலருடைய குறை ஒன்றுதான்: திரைப்படம் தடையின்றி ஓடுகிறது, விளையாட்டு மட்டும் நடுவில் அறுந்துவிடுகிறது. உடனே கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் வீண் என்பதே என் கருத்து. திரைப்படம் அடுத்த பல நொடிகளுக்கான தரவை முன்கூட்டியே சேர்த்துக்கொள்வதால் சிறு தடையை நாம் உணர்வதில்லை. விளையாட்டுக்கு அந்த வசதி கிடையாது. அது நொடிதோறும் சிறு சிறு தரவுப் பொட்டலங்களை அனுப்பியும் பெற்றும் வருவது. அதற்குப் பெரும்பாலும் ஒரு மெகாபிட் வேகம்கூட வேண்டியதில்லை. ஆகவே 100 மெகாபிட் திட்டத்தை 300 ஆக்கினாலும் அறுபடும் இணைப்பு அறுபட்டுக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் அறிய வேண்டியது, கோளாறு வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது. கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கும், அதாவது பல வீடுகளில் 192.168.1.1 என்பதற்கும், மற்றதில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் பிங் கட்டளையை, அதாவது அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளையை, நிற்காமல் ஓடவிட்டு, வழக்கம்போல விளையாடுங்கள். இணைப்பு அறுந்ததும் அந்தச் சாளரங்களைப் பாருங்கள். இரண்டிலும் பதில் நின்றிருந்தால் கோளாறு உங்கள் வைஃபையிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. ரவுட்டர் சீராகப் பதில் தர, வெளி முகவரி மட்டும் நின்றிருந்தால், கோளாறு ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வைஃபைதான் காரணமென்றால், ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடுவதே சிறந்த தீர்வு. புதுச்சேரியின் பழைய வீடுகளில் தடித்த சுவர்களைத் தாண்டும்போது, வைஃபை பயன்படுத்தும் இரு அலைவரிசைகளில் ஒன்றான 5 கிகாஹெர்ட்ஸ் அலை வெகுவாக வலுவிழக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றைத் தாண்டினாலும், அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது தனித்தனி அலைப் பாதைகள், 1, 6, 11 என மூன்றே என்பதால், நெருக்கமான தெருக்களில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு போட்டியிட நேர்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது.

குறிப்பிட்ட வேளையில் மட்டும் தாமதம் எகிறினால், வீட்டில் வேறொருவரின் கைப்பேசி புகைப்படங்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே செல்லக் காத்திருக்கும் தரவின் வரிசையைப் பதிவேற்றம் நிரப்பிவிட்டால் விளையாட்டின் பொட்டலங்கள் பின்னால் காத்திருக்க வேண்டியதாகிறது.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. மின்தடையின்போது இன்வெர்ட்டருக்கு மாறும் நொடிப்பொழுதில் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழுந்து, இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் அது எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்ற குறிப்பு இருக்கும். அறுபட்ட வேளையோடு அது பொருந்தினால் மின்சாரம் நொடியும் அறாமல் தரும் ஒரு சிறு யுபிஎஸ் ரவுட்டருக்கெனப் போதும்.

வெளிக் கோளாறு நம் கடலோரத்தில் கூடுதல் கவனம் கேட்பது. உப்புக்காற்று செம்புக் கம்பியின் இணைப்புகளை அரிக்கும். தரவை ஒளியாகக் கொண்டுசெல்லும் ஃபைபரின் கண்ணாடி இழை துருப்பிடிக்காது. ஆனால் அதன் முனையில் படியும் அழுக்கும், சுவர் மூலையில் கூர்மையாக மடங்கிய வளைவும் ஒளியை விழுங்கிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கம்பங்களைச் சாய்த்ததைக் கண்ட நமக்கு, கம்பங்களில் தொங்கும் கேபிள் காற்றில் என்ன பாடுபடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள்.

பழுது பார்க்க வருபவரிடம் "நெட் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், அறுபட்ட நேரங்களையும் பிங் முடிவுகளையும் எழுதிக் காட்டி, ஒளியின் அளவை மோடத்தின் அருகிலேயே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலுவைக் குறிக்கும் அலகு) அளவை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருந்தால், மோடத்தை மாற்றுவதற்கு முன் இழையின் முனைகளைத் துடைத்து, வழியிலுள்ள வளைவுகளைச் சரிசெய்ய வேண்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறை தீராவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல அந்த எண் தேவைப்படும்.