பெங்களூரில் எந்தப் பக்கம் குடியிருப்பது?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முதல் வேலைக்காகத் தனியாகப் பெங்களூருக்குக் கிளம்பும் பிள்ளைகளும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

வேலை உத்தரவு கைக்கு வந்ததும் நம் பக்கத்தில் வழக்கமாக ஒன்று நடக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையும் காலை பஸ்ஸில் போவார்கள். தெரிந்தவர் காட்டுகிற இரண்டு மூன்று வீடுகளைப் பார்ப்பார்கள். வாடகை குறைவாக இருப்பதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இரவே ஊர் திரும்பிவிடுவார்கள். அந்த ஒரு நாளில் எடுத்த முடிவு அடுத்த 11 மாதத்துக்கு அந்தப் பிள்ளையின் தூக்கத்தையும் சம்பளத்தையும் தின்றுவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனவுடன் வீடு பிடிக்காதீர்கள். முதல் மாதம், வேலை செய்யும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பி.ஜி. விடுதியில், அதாவது மாதப் பணம் கட்டித் தங்குகிற பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்குங்கள். அந்த ஒரு மாதத்தில் ஊரைப் பாருங்கள். வீட்டைப் பிறகு பார்க்கலாம்.

பெங்களூர் எவ்வளவு பரந்தது என்பது வரைபடத்தில் பார்த்தால் புரியாது. 2007-இல் சுற்றியிருந்த 7 நகரசபைகள், ஒரு பேரூராட்சி, 110 கிராமங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரிய மாநகராட்சியாக ஆக்கினார்கள். ஓசூர் சாலையில் நுழைகிறவருக்குப் பெங்களூர் என்பது எலக்ட்ரானிக் சிட்டி. ஆனால் ஒயிட்ஃபீல்டு கிழக்குக் கோடி, பீன்யா வடமேற்கு, கெங்கேரி தென்மேற்கு, விமான நிலையம் வடக்கே தேவனஹள்ளிப் பக்கம். "பெங்களூரில் வேலை" என்ற சொல்லை வைத்து வீடு தேட முடியாது. வேலை உத்தரவில் இருக்கிற முகவரியை வாங்குங்கள். அது தலைமை அலுவலக முகவரியா, நீங்கள் தினமும் போகப்போகிற இடமா என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறாக இருந்து, நகரத்தின் தப்பான பக்கத்தில் வீடு பிடித்தவர்கள் உண்டு.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. ஊர் பஸ் நிற்கிற இடத்தில் குடியிருக்க வேண்டும் என்ற ஆசை. சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, மடிவாளா என்று ஓசூர் சாலையோடு ஒட்டியே மனம் போகும். சனிக்கிழமை மாலை இறங்கி வந்து பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நிம்மதி. ஆனால் ஊருக்கு வருவது மாதத்தில் இரண்டு முறை, வேலைக்குப் போவது 25 நாள். பீன்யாவில் தொழிற்சாலை வேலையை வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் சிட்டியில் குடியிருந்தால், ஊருக்கு வருகிற இரண்டு நாளுக்காக மற்ற எல்லா நாளும் நகரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கடக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேலைக்கு அருகில் வாடகை 11,000 என்றும், 15 கிலோமீட்டர் தள்ளி 8,000 என்றும் வைத்துக்கொள்வோம். 3,000 மிச்சம் என்று தோன்றும். ஒரு நாளைக்குப் போக வர 30 கிலோமீட்டர் கூடுதல். 25 நாளுக்கு 750 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் ஏறக்குறைய 17 லிட்டர் பெட்ரோல், அதாவது சுமார் 1,700 ரூபாய். நெரிசலில் அந்த 30 கிலோமீட்டருக்குத் தினமும் 2 மணி நேரம் போனால் மாதம் 50 மணி நேரம். மிச்சமான 1,300 ரூபாய்க்காக 50 மணி நேரம் புகையில் நிற்கிறோம். டயர், சர்வீஸ் செலவை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அதனால் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், நிமிடத்தில் கேளுங்கள். அதையும் யாரிடமும் கேட்க வேண்டாம், நீங்களே போய்ப் பாருங்கள். செவ்வாய் அல்லது புதன்கிழமை, உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப, பார்க்கிற வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அலுவலக வாசல் வரை ஒரு முறை போங்கள். மாலையில் அதே வழியில் திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை 25 நிமிடத்தில் போகிற சாலை புதன்கிழமை ஒன்றேகால் மணி நேரம் இழுக்கும். பி.ஜி.யில் இருக்கும் மாதத்தில் இந்தச் சோதனையை மூன்று நான்கு பகுதிகளுக்குச் செய்துவிடலாம்.

எந்த வேலைக்கு எந்தப் பக்கம் பார்க்கலாம்? எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகணி என்றால் ஹெப்பகோடி, ஹொசா ரோடு, சிங்கசந்திரா, கூட்லு கேட் பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோ பாதை ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையங்களோடு ஓசூர் சாலையை ஒட்டியே வருகிறது. ஒயிட்ஃபீல்டு வேலை என்றால் ஊதாப் பாதையில் காடுகோடி, ஹூடி, கே.ஆர்.புரம், பையப்பனஹள்ளி. பீன்யா என்றால் பச்சைப் பாதையில் நாகசந்திரா, தாசரஹள்ளி, யஷ்வந்த்பூர். பெல்லந்தூர், மாரத்தஹள்ளி வெளிவட்டச் சாலையில் வேலை என்றால், அங்கே மெட்ரோ கட்டுமானம் முடிந்து ரயில் ஓடும்வரை 500 என்று தொடங்கும் தடம் எண் கொண்ட நகரப் பேருந்துகளே துணை. அந்த வேலைக்கு முடிந்தவரை நடந்து போகிற தூரத்திலேயே இருங்கள்.

மெட்ரோவை நம்பி வீடு எடுத்தால் மூன்றைக் கவனியுங்கள். பாதை மாறுவது ஒன்று. பொம்மசந்திராவிலிருந்து ஒயிட்ஃபீல்டு போக ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கும், மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதைக்கும் மாற வேண்டும். இரண்டு முறை இறங்கி ஏற வேண்டியது, காலை நெரிசலில். மற்றொன்று, ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பது. பாதைக்குப் பாதை இது மாறும். மூன்றாவது, நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற தெரு. 800 மீட்டர் என்றால் 10 நிமிட நடை. அதை இரவு 9 மணிக்கு ஒரு முறை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, நாய்க் கூட்டம் எப்படி என்பதெல்லாம் பகலில் தெரியாது. தனியாகக் குடியிருக்கப் போகும் பெண்பிள்ளைகள் இதைத் தவிர்க்கவே கூடாது.

ஓசூரிலேயே தங்கிப் போய்வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி வேலை என்றால் செய்யலாம். அதைத் தாண்டி வேலை என்றால் வேண்டாம். அத்திப்பள்ளியிலும் சந்தாபுராவிலும் காலையில் வண்டிகள் நிற்கிற நேரத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்னொன்று, எலக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலம் ஏறுகிற பஸ் பொம்மனஹள்ளியில்தான் இறங்கும். நடுவில் ஹொசா ரோடு, கூட்லு கேட்டில் இறங்க நினைப்பவர் நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏற வேண்டும். ரயிலில் வருபவர்களுக்குத் தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகும் பாதையில் ஹீலலிகே, கார்மேலராம் நிலையங்கள் இருக்கின்றன. சந்தாபுராவுக்கு ஹீலலிகே பக்கம், சர்ஜாபூர் சாலைக்குக் கார்மேலராம் பக்கம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள்.

இனி தண்ணீர். வாடகையைவிட இது பெரிய விஷயம். போர் தண்ணிக்கும் ஒகேனக்கல் தண்ணிக்கும் உள்ள வித்தியாசம் நம் ஜனங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புளோரைடு கலந்த தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்கள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் எத்தனையோ. பெங்களூரிலும் அதே காவிரிதான் குடிநீர். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். ஆனால் அது எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. பழைய நகரப் பகுதிகளில் காவிரி இணைப்பு உண்டு. பிறகு சேர்த்த 110 கிராமப் பகுதிகளுக்காக ஐந்தாம் கட்டத் திட்டத்தை 2024 அக்டோபரில் தொடங்கினார்கள். தெருவுக்குக் குழாய் வந்திருப்பதும், வீட்டுக்காரர் பணம் கட்டி இணைப்பு வாங்கியிருப்பதும் வேறு வேறு. ஹெப்பகோடி, சந்தாபுரா, பொம்மசந்திரா எல்லாம் ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தவை, அங்கே பெரும்பாலும் போரும் டேங்கர் லாரியும்தான். 2024 கோடையில் போர்கள் வற்றியபோது, டேங்கரை மட்டும் நம்பிய கட்டடங்களில்தான் குடியிருந்தவர்கள் மிகவும் தவித்தார்கள்.

வீடு பார்க்கும்போது "நீரு காவேரினா, போரா?" என்று கன்னடத்திலேயே கேளுங்கள். பதிலை நம்பி விட்டுவிடாமல் குளியலறைக்குள் போய்ப் பாருங்கள். குழாய் முனையில், ஷவர் துளைகளில், கருப்பு வாளியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் ஏறியிருக்கிறதா? இருந்தால் உப்புத் தண்ணீர். கையில் கொஞ்சம் சோப்புப் போட்டுத் தேயுங்கள். நுரை வராமல் திரிதிரியாகப் போனால் சந்தேகமே வேண்டாம். தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்கு, கோடையில் டேங்கர் வந்தால் காசு யார் கொடுப்பது என்று கேளுங்கள். டேங்கர் செலவைக் குடியிருப்பவர்களுக்குப் பிரித்துவிடும் வீடுகள் நிறைய. அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

தண்ணீர் இல்லாததைப் போலவே தண்ணீர் புகுவதும் உண்டு. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் டிராக்டரில் ஆட்களை மீட்டார்கள். அந்த ஊரின் பெயர்களே பாதி சொல்லிவிடும். சிங்கசந்திரா, ஹொங்கசந்திரா, பொம்மசந்திரா என்பதில் உள்ள "சந்திரா" சமுத்திரம் என்பதன் திரிபு. பெரிய ஏரியைத்தான் அப்படிச் சொன்னார்கள். கெரே என்றாலும் ஏரிதான். அதற்காக அந்த ஊரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குள் மேட்டுத் தெருவாகப் பாருங்கள். ராஜகாலுவே என்கிற பெரிய வடிகால் ஓரத்துத் தரைத்தளம் வேண்டாம். சுவரில் முழங்கால் உயரத்தில் நிறம் மாறிய கோடு, தரையைவிட உயரத்தில் மேடை கட்டி வைத்த மோட்டார், வாசலில் புதிதாக உயர்த்திய படி, இவற்றில் ஏதாவது தெரிந்தால் பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள்.

பி.ஜி. பற்றிக் கொஞ்சம். பெங்களூர் மாநகராட்சி 2024-இல் வகுத்த விதிகளின்படி ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடி இடமும் நாளைக்கு 135 லிட்டர் தண்ணீரும் தர வேண்டும். மூன்று பேர் அறை என்றால் 210 சதுர அடி, கிட்டத்தட்ட 14 அடிக்கு 15 அடி. போய் அடி வைத்து அளந்து பாருங்கள். ஜன்னல் வெளியே திறக்க வேண்டும், நடைபாதைக்குள் அல்ல. சமையலறை சிலிண்டர்கள் ஒரே மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்தால் அந்த இடம் வேண்டாம், தீப்பிடித்தால் இறங்க வழி இருக்காது. இரவு எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவார்கள், ஷிப்ட் முடிந்து வந்தால் திறப்பார்களா என்றும் கேளுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம், காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு எடுக்கும் கட்டம் வரும்போது, பிடித்த இரண்டு தெருக்களில் மாலையில் நடங்கள். கேட்டில் தொங்கும் டு-லெட் பலகையிலோ வீடு வாடகைக்கு இருக்கிறது என்று பொருள்படும் "மனெ பாடிகெகெ இதெ" என்ற கன்னட எழுத்திலோ வீட்டுக்காரர் எண் இருக்கும். நேரே பேசினால் புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகை மிஞ்சும். பெங்களூரில் 10 மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். இப்போது பேசினால் குறைக்கிறார்கள், பேசாமல் கொடுக்காதீர்கள். மாத வாடகையே இல்லை, மொத்தமாகச் சில லட்சம் கொடுத்தால் போதும் என்கிற லீஸ், நம் ஊர் போக்கியம் மாதிரி, தனியாளுக்கு வேண்டவே வேண்டாம். வீட்டுக்காரர் அல்லாதவர் பணம் வாங்கிக்கொண்டு ஓடுவதும், கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுப்பதும் அதில்தான் நடக்கிறது.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதுவார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது அங்கே சகஜம், அந்தத் தொகையை முதலிலேயே எண்ணால் எழுதச் சொல்லுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டரா என்று பாருங்கள். தனி மீட்டர் இருந்தால் 200 யூனிட் வரையிலான கர்நாடக அரசின் இலவச மின்சாரத்துக்கு வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். கூட்டு மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததே கணக்கு.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்குவதற்கு முன்பு, சுவர், தரை, குழாய், கண்ணாடி எல்லாவற்றையும் மீட்டர் எண்ணோடு சேர்த்து வீடியோ எடுத்து, வீட்டுக்காரருக்கும் அப்பா அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள்.

வணக்கம்.