மழைத்தண்ணீரில் நிற்கிற குளம்

(காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், சிவன் கோயில் மண்டபத்தில், ஆவணி மாத மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

ஜப்பான் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போன கார்த்திகையில் போனேன். மூன்று வாரம் இருந்தேன். கோயில், கோபுரம், வேக ரயில் எல்லாம் பார்த்தாயிற்று. அதையெல்லாம் நீங்கள் கைபேசியிலேயே பார்க்கலாம். நான் ஒரே ஒரு தோட்டத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். டோக்கியோ நகரத்துக்கு நடுவே இருக்கிற கியோசுமித் தோட்டம். மூன்று வாரத்தில் நாலு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ஜப்பான் நமக்குப் புது ஊர் இல்லை. எங்கள் வீட்டு முகப்புச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூப்போட்ட பீங்கான் கல் பதித்திருக்கிறது. இங்கே பாதிப்பேர் வீட்டில் இருக்கும். சின்ன வயசில் ஒரு கல் பெயர்ந்து விழுந்தபோது திருப்பிப் பார்த்தேன், முதுகில் ஜப்பான் என்று எழுத்து. மரம் பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது, பூக்கல் ஜப்பானிலிருந்து வந்தது. எல்லாம் கப்பலில் வந்து, துறைமுகத்திலிருந்து இந்த வறண்ட பூமிக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அதே வீட்டில் எங்கள் ஐயா ஜப்பான் என்ற பேரை வாயால் சொல்லமாட்டார்கள். கொண்டுவிக்கப் போன இடம் பர்மா. 1942-இல் ஜப்பான் படை அங்கே வந்தபோது கடையைப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு நடந்தே வந்தவர்கள். கூட நடந்தவர்களில் வழியில் விட்டுவிட்டு வந்தவர்களின் பேரை மட்டும் சில ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். சாவி இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. அதனால், "அப்பச்சி, ஒரு மாசமாவது வந்து இருந்துட்டுப் போங்க" என்று மகன் டோக்கியோவிலிருந்து கூப்பிட்டபோது உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. ஆறு மாதம் தள்ளிப்போட்டேன்.

மகன் குடியிருப்பது நிஷி-கசாய் என்ற பகுதி. நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். அங்கிருந்து ரயிலேறி மொன்ஸென்-நகாச்சோ என்ற இடத்தில் வண்டி மாறி, ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் கியோசுமி-ஷிரகவா. காலை நேரத்து டோக்கியோ ரயிலைச் சொல்லவேண்டும். தைப்பூசத்துப் பழனிக் கூட்டம் மாதிரி நெருக்கம், ஆனால் ஒரு குரல் கேட்காது. அத்தனை பேர் சேர்ந்து அப்படி மௌனமாக நிற்பது எனக்கு முதலில் பயமாகக்கூட இருந்தது. வெளியே வந்தால் அகலமான சாலை, லாரி, அடுக்குமாடி. ஒருகாலத்தில் அது சரக்குக் கிட்டங்கிகள் நிறைந்த பேட்டை. இப்போது அந்தப் பழைய கிட்டங்கிகள் பலவற்றில் காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள். தெருவெல்லாம் வறுவல் வாசனை. மூன்று நிமிஷம் நடந்தால் ஒரு சுவர், ஒரு வாசல், ஒரு சின்ன ஜன்னல். நுழைவுச் சீட்டு 150 யென். 65 வயசு ஆனவர்களுக்கு 70.

உள்ளே போனதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பாதை, இரண்டு பக்கமும் செடி, ஒரு வளைவு, அவ்வளவுதான்.

நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். முகப்பு வாசலில் நின்றால் நடுமுற்றமான வளவு தெரியும், அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியும். வாசலுக்கு நேர் வாசல். வந்தவரை முதல் பார்வையிலேயே முழுசாக உள்ளே கூப்பிட்டுவிடுகிற கட்டு அது. அந்தத் தோட்டத்துக்காரர்கள் பிடித்தது வேறு வழி. எதையும் ஒரே பார்வையில் காட்டமாட்டார்கள். நாலு எட்டு வைத்தால் மரக்கிளைக்கு இடையில் தண்ணீர் கொஞ்சம் மினுங்கும். இன்னும் நாலு எட்டில் அதுவும் மறையும். மறைத்துக் காட்டுவதற்கு அவர்கள் மொழியில் தனிப் பேரே உண்டு, மியெகக்குரே என்று. பாதை திரும்பியது, குளம் முழுசாக வந்து நின்றது. மூன்று தீவு, சாய்ந்த பைன் மரம், தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற ஒரு மரக் குடில், எதிர்க்கரையில் பாறை மேல் வரிசையாக ஆமைகள். மரங்களுக்கு மேலே அடுக்குமாடிகள் தலைநீட்டிக்கொண்டுதான் இருந்தன. சாலைச் சத்தமும் கேட்டது. ஆனால் நாரை ஒன்று காலை மடித்து நின்ற இடத்திலிருந்து அந்தச் சத்தம் வெகு தூரமாகிவிட்டது. வாசலில் வைத்து மகனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். என்ன கேட்டேன் என்பது இதுவரை ஞாபகம் வரவில்லை.

குளத்தின் ஓரத்தில் தண்ணீருக்குள்ளேயே பெரிய பெரிய கல்லாகப் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் ஒவ்வொன்றாக மிதித்துத்தான் நடக்கவேண்டும். இஸொவதாரி என்று பேர். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடைவெளி ஒரே சீராக இருக்காது. அதனால் குனிந்து பாதத்தைப் பார்த்துத்தான் நடக்கமுடியும். வேகமாகப் போக முடியாது, போன் பார்க்க முடியாது. குனிந்தே நடந்து, அகலமான கல் ஒன்று வந்ததும் நிமிர்ந்தால், அந்த இடத்திலிருந்துதான் குளம் ரொம்ப அழகாகத் தெரியும். எங்கே நாம் நிமிரவேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் கல்லைப் போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னை நடக்கவைத்த அந்தக் கொத்தனாரின் கையை நினைத்து, நான் அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் வந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டுத் தலைதாழ்த்திவிட்டுப் போனார்கள்.

இந்தக் கல் எப்படி வந்தது? இங்கேதான் விஷயம் நம் வாசலுக்கு வருகிறது. 1878-இல் இந்த இடத்தை வாங்கியவர் இவசாகி யதாரோ. மிட்சுபிஷி கம்பெனியை ஆரம்பித்தவர். கப்பல் வியாபாரி. வாங்கிய இரண்டு வருஷத்தில், கம்பெனி ஆட்கள் ஓய்வெடுக்கவும் விருந்தாளிகளை உபசரிக்கவும் தோட்டமாகத் திறந்தார். அவருக்குப் பிறகு தம்பியும், தம்பிக்குப் பிறகு யதாரோவின் மகனும் தோட்டத்தைப் பெருக்கினார்கள். ஜப்பான் முழுக்கத் தேடி, இஸு கடற்கரைப் பாறை, சாதோ தீவின் சிவப்புக் கல், கிஷுவின் பச்சை நீலக் கல் என்று கம்பெனிக் கப்பல்களிலேயே ஏற்றிக்கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஊர்ப்பேர் உண்டு. மகன் கைபேசியில் படித்துப் படித்துச் சொன்னான். எனக்கு எங்கள் வளவுத் தூண்கள்தான் கண்முன் நின்றன. கடல் தாண்டிச் சம்பாதித்தவன் கடல்வழியாகவே தன் மண்ணுக்கு அழகைக் கொண்டுவந்து சேர்க்கிறான். அங்கேயும் அதே காலம், இங்கேயும் அதே காலம்.

தோட்டத்தின் கதை அங்கே நின்றிருந்தால், பணக்காரர் ஒருவர் கட்டிய அழகான இடம் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

1923 செப்டம்பர் 1. பகல் மணி 11.58. டோக்கியோவில் பெரிய பூகம்பம். மத்தியான அடுப்பு எரிகிற நேரம். மர வீடுகள். பூமி அதிர்ந்து முடிந்தும் தீ அடங்கவில்லை. அந்தக் கிழக்குப் பக்கம் முழுக்க எரிந்தது. ஜனங்கள் திறந்த இடம் தேடி ஓடினார்கள். இந்தத் தோட்டத்துக்கு வடக்கே சுமார் 2 கிலோமீட்டரில் ஒரு பெரிய வெற்றுத் திடல் இருந்தது. ராணுவத் துணிக் கிடங்கு இருந்து காலியான இடம். சாமான் சட்டு, படுக்கை, பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அங்கே கூடினார்கள். நெருப்புச் சூறாவளி அந்தத் திடலுக்குள் புகுந்தது. கொண்டுபோன சாமானிலேயே தீ பற்றியது. அந்த ஒரு திடலில் மட்டும் சுமார் 38,000 பேர் இறந்துபோனார்கள்.

இவசாகி தோட்டத்துக்குள் ஓடியவர்களும் உண்டு. அங்கே அடர்ந்த மரம் இருந்தது, நடுவே தண்ணீர் இருந்தது. தோட்டம் பாதி நாசமானது. ஆனால் உள்ளே வந்த ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள்.

பிள்ளைகளே, இதை நான் அந்தக் குளக்கரையில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு குளத்தை முன்போலப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் முன்பு அழகு என்று நான் பார்த்த தண்ணீரில் ஆட்கள் நின்றிருக்கிறார்கள், குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

அடுத்த வருஷமே, 1924-இல், அழியாமல் மிஞ்சிய கிழக்குப் பாதியை அந்தக் குடும்பம் நகரத்துக்கே கொடுத்துவிட்டது. சீர்படுத்தி, 1932-இல் ஜனங்களுக்குத் திறந்தார்கள். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சமும் எடுத்துக் கொடுத்த அழகப்பச் செட்டியாரை அறிந்த ஊருக்கு, இப்படிப்பட்ட கொடை என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

போர் பிறகு வந்தது. 1945 மார்ச் 10 ராத்திரி விழுந்த குண்டில் அந்தப் பேட்டை மறுபடியும் எரிந்தது. அதை மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டபோது எனக்கு ஐயாவின் சாவி ஞாபகம் வந்தது. ரங்கூனில் குண்டுக்குப் பயந்து கடையைப் பூட்டிய மனுஷரும், டோக்கியோவில் வீடு எரிந்து தெருவில் நின்ற மனுஷரும் ஒரே வயசாக இருந்திருக்கலாம். ஐயா இருந்திருந்தால் அந்தக் குளக்கரைக்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்திருப்பேன். வந்திருப்பார்களா என்று தெரியாது. கூப்பிட்டிருப்பேன்.

நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முன்பு பக்கத்துச் சுமிதா ஆற்றிலிருந்து வந்தது. கடல் ஏறினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் குளம் ஏறும். தீவும் கரையும் வேளைக்கு வேளை உருமாறுமாம். இப்போது அந்த வழி இல்லை. இன்றைக்கு அந்தக் குளம் மழைத்தண்ணீரில் நிற்கிறது. டோக்கியோவில், அடுக்குமாடிகளுக்கு நடுவே, மழைத்தண்ணீரில்! மகன் சொன்னதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். "தம்பி, இது ஊருணிடா" என்றேன்.

நம் முன்னோர் இந்தச் செம்மண் மேட்டில் ஆற்றை நம்பி ஊர் வைக்கவில்லை. வளவு ஓட்டில் விழுகிற மழையைக்கூட வீணாக்கவில்லை. கூரைச் சரிவிலிருந்து தகரக் குழாய் வழியாக அண்டாவுக்கு வரும், மிஞ்சியது கிணற்றுக்கும் தெருக் கால்வாய்க்கும் போகும், கால்வாய் ஊருணிக்குப் போகும். பொட்டல் காட்டு மழை வரத்துக்கால் வழியாக வந்து சேரும். ஊருணி என்றால் ஊர் உண்ணுகிற நீர். காலை நனைக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. எங்கள் ஆயா குடத்தை அமிழ்த்தும்போது தண்ணீர் கலங்காமல் அமிழ்த்துவார்கள். பக்கவாட்டில் சாய்த்து, மேல்மட்டத்தைப் புறங்கையால் ஒரு தள்ளுத் தள்ளி, சத்தமில்லாமல் மொள்ளுவார்கள். படிக்கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஐந்து வயசில் பெரிய வேடிக்கை. கியோசுமிக் கரையில் எனக்குக் கிடைத்த அமைதி நான் முதன்முதலில் அனுபவித்த அமைதி இல்லை. எங்கேயோ முன்பே இருந்த இடம் மாதிரி இருந்ததற்குக் காரணம் அந்தப் படிக்கல்தான்.

ஒரு நாள் அங்கே ஏணியில் ஏறி ஒருவர் பைன் மரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கத்தரி இல்லை. விரலால் பழைய ஊசி இலைகளை மட்டும் பிடித்து உருவி எடுக்கிறார். புது இலை நிற்கும், பழையது போகும், கிளைக்குள் வெளிச்சம் இறங்கும். வருஷா வருஷம் குளிருக்கு முன்னால் செய்கிற வேலையாம். காலை பத்து மணிக்குப் பார்த்தேன், மூன்று மணிக்கு நாங்கள் கிளம்பும்போதும் அதே மரத்தில் அடுத்த கிளையில் இருந்தார். கீழே இரண்டு பெண்கள் கோணியை விரித்து உருவிய இலையைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். காசும் கல்லும் கொடுத்தவர் பேர் பலகையில் இருக்கிறது. அந்த இடத்தை அமைதியாக வைத்திருப்பது இந்த விரல்கள்.

நம் ஊருணிக்கு வருகிறேன். யாரையும் குறைசொல்ல நான் மேடையேறவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வந்தது, குடம் தூக்குவது நின்றது, ஊருணிக்கு நாம் முதுகைக் காட்டினோம். நானும்தான் காட்டினேன். மேற்கு வரத்துக்காலில் ஏறக்குறைய நாற்பதடி மூடிக்கிடக்கிறது. மண் பாதி, கட்டட இடிபாடு பாதி, மேலே சீமைக்கருவேல். போன ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் ஆறாவது படிக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது மேல்படியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால், "காலை எடுறா" என்று அதட்டுவார்கள். தண்ணீர் அவ்வளவு கிட்டே நிற்கும்.

போன வாரம் கயிறு பிடித்து அளந்துவிட்டேன். பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துச் சம்மதமும் வாங்கியாயிற்று. கருவேல் வெட்ட இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். மண்வெட்டி என்னிடம் மூன்று இருக்கிறது. தட்டுக்கூடை இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். மழைக்கு இன்னும் ஒரு மாசத்துக்குமேல் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் மேற்குக் கரையில், அந்த உடைந்த படிக்கல் பக்கம் இருப்பேன்.